வலி பிள்ளைக்கு... வழக்கு அப்பா அம்மாவுக்கு!

மே மாதத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பந்தியில் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுவிடுவார், 'பையன் என்ன மார்க்?' அதற்கு நீங்கள் பதில் சொல்லி முடிக்கும் முன்பே இரண்டாவது கேள்வி வரும், 'கட்ஆஃப் எவ்வளவு வருது?' பாயசம் வருவதற்குள் அவருடைய மைத்துனர் மகள் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்ந்தாள் என்பது வரை உங்களுக்குத் தெரிந்துவிடும். பிளஸ் டூ படித்த அந்தப் பிள்ளை எதிர் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற குடும்பங்களில் பாதியிலாவது இப்போது ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளைகளில் பலரை நான் என் சிகிச்சையகத்தில் பார்க்கிறேன். தலைவலி, வயிற்றெரிச்சல், முடி கொட்டுதல், தூக்கமின்மை, பெண் பிள்ளைகள் என்றால் மாதவிலக்குத் தள்ளிப்போதல். நாடி பிடித்துப் பார்த்து, நாக்கையும் கண்ணையும் பார்த்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு எனக்கு அடிக்கடி தோன்றுவது ஒன்றுதான். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பிள்ளை. ஆனால் வழக்கு, பின்னால் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு. ஒருவர் 'விட்டுப் பிடிக்கணும்' என்பார். இன்னொருவர் 'விட்டா போச்சு' என்பார். அப்பாதான் எப்போதும் விரட்டுபவர், அம்மா எப்போதும் அணைப்பவர் என்று சினிமாவில் காட்டுவது போல நினைத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் சரிபாதி வீடுகளில் விரட்டுவது அம்மாதான். யார் விரட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அந்த இருவரில், தன் பதினேழு வயதில் எதையோ கைநழுவ விட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. இன்று பிளஸ் டூ பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் பெரும்பாலும் 1990-களில் பிளஸ் டூ முடித்தவர்கள். அதன் தொடக்கத்தில் அரசு இன்ஜினியரிங் சீட் என்றால் குதிரைக் கொம்பு. சுயநிதிக் கல்லூரிகள் 1984-க்குப் பிறகு வரத் தொடங்கிவிட்டாலும், பணம் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் அந்தக் கதவு. அரை மார்க்கில் சீட் தவறிப்போய், வேறு ஏதோ ஒரு டிகிரியோடு, வேறு ஏதோ ஒரு வேலையில் உட்கார்ந்து, முப்பது வருஷமாக அந்த அரை மார்க்கையே நினைத்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது கதையல்ல, ஆறாத புண்.

ஆனால் காலம் மாறிவிட்டது. இன்று தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் கலந்தாய்வு முடியும்போது ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. அதாவது இன்ஜினியரிங்கைப் பொறுத்தவரை 'சீட்டே கிடைக்காது' என்ற பழைய பயத்துக்கு இன்று வேலையில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, அங்கே உண்மையிலேயே பாடம் நடக்கிறதா என்ற கவலைதான் நியாயமானது. மருத்துவம் அப்படி இல்லை. 2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இருபது பேருக்கு ஒரு இலை என்றால் பத்தொன்பது பேர் எழுந்து போகத்தான் வேண்டும். அந்தப் பத்தொன்பது பேரும் படிக்காத பிள்ளைகள் இல்லை. இந்த இரண்டு பயங்களையும் ஒன்றாகக் கலக்கி ஒரே டம்ளரில் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பதுதான் நடக்கிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அப்பா அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமைதான் கோச்சிங் சென்டரில் வாரத் தேர்வு. 'நடிக்கிறான் டாக்டர்' என்றார் அப்பா. நடிப்பு இல்லை. என்னிடம் வருவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து, எண்டோஸ்கோப்பி வரை பார்த்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. ஆனாலும் வலி வலிதான். குடலில் புண் இல்லை என்பதற்காக வலி பொய் ஆகிவிடாது.

மூவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினேன். அப்பாவுக்கு மகன் டாக்டர் ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் கோச்சிங் பணம் கட்டியாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. மகனுக்குக் கணக்குப் பதிவியலில்தான் ஆசை என்று அவருக்குத் தெரியும். கணவரிடம் நேராகச் சொல்லப் பயம். அதனால் பையனிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார். 'இப்போதைக்கு அப்பா சொல்றபடி எழுதிருடா. மார்க் வரலன்னா நான் அப்பாகிட்ட பேசிக்கிடுதேன். பி.காம். சேர்ந்துக்கலாம்.'

அந்தத் தாய் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பையன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். தனக்குப் பிடித்ததைப் படிக்க வேண்டுமானால் அவன் முதலில் தோற்றாக வேண்டும். நன்றாக எழுதினால் பி.காம். போய்விடும். மோசமாக எழுதினால் அப்பாவின் மானம் போய்விடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பிள்ளை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெரியவர்களான நமக்கே வயிற்றைக் கலக்கும்.

மருந்து சாதாரணமானதுதான் கொடுத்தேன். மற்றபடி அப்பாவும் அம்மாவும் பையன் இல்லாத ஒரு நேரத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பேசினார்கள். சண்டையும் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. முடிவாக, நீட் ஒரே ஒரு முறை எழுதட்டும், அதோடு பி.காம். விண்ணப்பத்தையும் அப்பாவே தன் கையால் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். வலி ஒரே நாளில் போகவில்லை, குறைந்தது. பையன் இன்று பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ.வுக்கும் தயார் செய்கிறான். அப்பா இன்னமும் கல்யாண வீடுகளில் பெருமூச்சு விடுகிறார். விடட்டும், பெருமூச்சு உடம்புக்குக் கெடுதல் இல்லை.

பெற்றோர் இருவருக்கும் கருத்து வேறுபடலாமா என்று கேட்டால், தாராளமாக வேறுபடலாம் என்பேன். இரண்டு பேரும் ஒரே குரலில் விரட்டும் வீட்டைவிட, ஒருவர் விரட்டி ஒருவர் தடுக்கும் வீடு பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுக்கும். கெடுதல் எங்கே வருகிறதென்றால், பிள்ளையைத் தபால்காரனாக ஆக்கும்போது. 'உங்க அப்பாகிட்ட சொல்லு', 'உங்க அம்மாகிட்ட கேட்டுக்கோ', 'நான் சொன்னேன்னு சொல்லாதே' என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு பேரின் ரகசியங்களையும் சுமந்துகொண்டு இயற்பியல் படிக்க முடியாது.

இன்னொரு வகை வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேதான் பல வாசகர்களுக்கு என்மேல் கோபம் வரும். 'நாங்க எந்த பிரஷரும் குடுக்கிறதில்ல டாக்டர். உன் இஷ்டம், எதை வேணாலும் படின்னு சொல்லிட்டோம்' என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இப்படிச் சொன்ன ஒரு தம்பதியின் மகள், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்று வந்திருந்தாள். இரும்புச் சத்துக் குறைவு இருந்தது. ஆனால் அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. தனியாகக் கேட்டபோது அந்தப் பெண் சொன்னாள், 'அண்ணனுக்கு அப்பா காலேஜ் காலேஜா அலைஞ்சாங்க டாக்டர். லீவு போட்டு கவுன்சிலிங்குக்குக் கூடப் போனாங்க. எனக்கு மட்டும் உன் இஷ்டம்னுட்டாங்க.'

பாருங்கள், அதே இரண்டு வார்த்தை ஒரு பிள்ளைக்குச் சுதந்திரம், இன்னொரு பிள்ளைக்கு 'நீ எப்படிப் போனாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை' என்ற செய்தி. அதிலும் பெண் பிள்ளைக்கு 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு, 'ஆனா உள்ளூர்ல இருக்கணும், ஹாஸ்டல் கூடாது, நாலு வருஷப் படிப்புன்னா நீளம்' என்று பின்னாலேயே வேலி கட்டினால் அது எந்த ஊர் இஷ்டம்? இஷ்டத்தைக் கொடுக்கிறவர்கள் கூடவே உட்கார்ந்து அந்த விண்ணப்பப் பாரத்தைப் படித்துப் பார்க்கவும் வேண்டும். கட்டணம் எவ்வளவு, பாடத்திட்டம் என்ன, படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரிக்கவும் வேண்டும். பிரஷர் கொடுக்காமல் இருப்பது வேறு, பொறுப்பை இறக்கி வைத்துவிடுவது வேறு.

இனி என் துறைக்கு வருகிறேன். உடம்பில் தானாக எழும் பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பால பாடம். வாயு பிரிதல், தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், வாந்தி, கண்ணீர் என்று அந்தப் பட்டியல் போகும். அடக்கினால் எதற்கு என்ன நோய் வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை காலையிலிருந்து இரவு வரை இவற்றில் எத்தனையை அடக்குகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காலை ஐந்தரைக்கு டியூஷன். மலம் கழிக்க நேரமில்லை. பதினேழு வயதில் மூலம் என்று வருகிறார்கள். ஏழரைக்கு வேன். இட்லி தட்டிலேயே இருக்கிறது. மதிய டப்பாவை மூன்று மணிக்கு அவசரமாகத் திறந்து பாதியில் மூடுகிறார்கள். இப்படிப் பசியை அடக்கி அடக்கித்தான் குன்மம் என்று நாங்கள் சொல்லும் வயிற்றுக் கோளாறு வருகிறது. பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூசி, காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. தாகத்தையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கி, கடைசியில் நீர்க்கடுப்போடு வருகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொட்டாவி வந்தால் அம்மா டீ போட்டு எடுத்து வருகிறார். தூக்கமும் போச்சு.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தின் பரிந்துரை. அந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் ஊறும் என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே பத்து மணிக்குத் தூக்கம் வராமல் புரளும் பிள்ளை அடம்பிடிக்கவில்லை. அதே பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பி உட்காரவைத்தால் புத்தகம் கையில் இருக்கும், கண் எழுத்தில் இருக்கும், உள்ளே ஒன்றும் இறங்காது. படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான். இதைச் சொன்னால், 'பக்கத்து வீட்டுப் பையன் மூணு மணிக்கே லைட் போட்டுடுறான் டாக்டர்' என்கிறார்கள். அந்த வீட்டு லைட்டை இவர்கள் ஏன் மூணு மணிக்கு எழுந்து பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

அந்தப் பதினான்கில் கண்ணீரும் இருக்கிறது என்றேனே, அதைக் கவனித்தீர்களா? அழுகையை அடக்குவதும் நோய்க்கு வழி என்றுதான் நம் முன்னோர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மாதிரித் தேர்வில் மார்க் குறைந்து பிள்ளை அழுதால், 'இப்ப அழுது என்ன பிரயோசனம், அப்பவே படிச்சிருக்கணும்' என்று வாயை அடைக்காதீர்கள். பத்து நிமிஷம் அழட்டும். பக்கத்தில் சும்மா உட்காருங்கள். ஆண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அவர்களை அழவே விடுவதில்லை நாம்.

போட்டியே வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். கபடி ஆடிய ஊர்க்காரன். எதிரணி பலமாக இருந்தால்தான் நம் கால் வேகமாக ஓடும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே குளத்தில்தான் குளிப்போம். இன்று நடப்பது அப்படியா? ஒரு பெண் என்னிடம் கேட்டாள், 'என் ஃப்ரெண்ட் டெஸ்ட்ல மார்க் கொறைஞ்சு அழுதா டாக்டர். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்திச்சு. நான் கெட்டவளா?' முதல் வகுப்பிலிருந்து ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்ட தோழி அவள். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெண் கெட்டவள் இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? மார்க் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், 'அவளுக்கு எவ்வளவு?' என்று முதலில் கேட்கிறோமே, அந்தக் கேள்விதான். அத்தை மகன், மைனி மகள், சித்தப்பா பையன் என்று குடும்பத்துக்குள்ளேயே ஒரு பட்டியல் ஓடுகிறது. 2017-ல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. அரசாங்கம் விட்டதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப் எடுத்துக்கொண்டது.

அந்த மார்க்தான் என்ன அப்படித் தெய்வ வாக்கா? 2024 நீட் முடிவை நினைத்துப் பாருங்கள். முதலில் 720-க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர் என்றார்கள். கருணை மதிப்பெண் ரத்தாகி, ஒரே ஓர் இயற்பியல் கேள்வியின் விடையும் திருத்தப்பட்ட பிறகு அது 17 பேர் ஆனது. இடையில் அந்த ஐம்பது பிள்ளைகளின் மூளை சுருங்கியா போனது? இன்ஜினியரிங் கலந்தாய்விலோ மார்க் எல்லாம் சமமாக வந்துவிட்டால் வரிசையைப் பிரிக்க 'சம வாய்ப்பு எண்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் எண். இதற்காகவா வீட்டில் ஒரு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பது?

என்னைப் பற்றியும் ஒரு விஷயம். 'நீங்க எம்.பி.பி.எஸ். கிடைக்காமத்தான் சித்தாவுக்கு வந்தீங்களா டாக்டர்?' என்று முகத்துக்கு நேராகக் கேட்கும் நோயாளிகள் இப்போதும் உண்டு. கேட்பதில் தவறில்லை. 1990-களின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் பலர் எம்.பி.பி.எஸ். பட்டியலில் பெயர் வராமல் வந்தவர்கள்தான். பரம்பரை வைத்தியக் குடும்பத்திலிருந்து ஆசைப்பட்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர். முதல் ஆண்டில் எங்கள் விடுதியில் ஒரு சாவு வீட்டு அமைதி இருக்கும். இரண்டாம் ஆண்டில் குணபாடம் படிக்கத் தொடங்கி, மூலிகைகளைக் கையில் தொட்டுப் பார்த்து, மூன்றாம் ஆண்டில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு பலருக்கு அது மாறிவிட்டது. சிலருக்கு முப்பது வருஷம் ஆகியும் மாறவில்லை. நான் கவனித்தவரை இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் மார்க்கில் இல்லை, வீட்டில் இருந்தது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் 'ஒரு மார்க் கூட வந்திருந்தா...' என்று யாருடைய வீட்டில் ஆரம்பிப்பார்களோ, அவர்கள் தாங்கள் படித்த படிப்பைக் கடைசிவரை மதிக்கவே இல்லை. மதிக்காத மருத்துவத்தை எப்படி நன்றாகச் செய்ய முடியும்? அவர்களுடைய நோயாளிகளுக்கும் அது நஷ்டம்தான்.

அதனால்தான் 'டிராப்' என்று சொல்லும் அந்தச் சும்மா இருக்கும் வருஷத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். ஒரு வருஷம் மறுபடி எழுதிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளை தானாகக் கேட்டால், முதல் முறை மார்க் கிட்டத்தில் வந்திருந்தால், எழுதட்டும். ஆனால் நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. உச்ச வயது வரம்பும் 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. அரசு முற்றுப்புள்ளி வைக்காத இடத்தில் வீடுதான் வைக்க வேண்டும். மூன்றாவது முறை, நான்காவது முறை என்று அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து, கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரி மூன்றாம் ஆண்டு போய்விட்ட பிறகு, தெருவில் இறங்கவே கூசுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை, அதற்குப் பிறகு என்ன என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம், ஆறாம் வகுப்பிலேயே 'ஃபவுண்டேஷன்' என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல வழிகாட்டுதல். கடைப்பிடிக்க வேண்டியது மையங்கள் மட்டுமல்ல.

பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். அப்பா, 'பணத்தைப் பத்தி நீ கவலைப்படாதே' என்பார். அம்மா அடுப்படியில், 'நகையெல்லாம் வங்கியில கிடக்கு' என்று புலம்புவார். பிள்ளைக்கு இரண்டும் கேட்கும். அதற்குப் பதில், நம்மால் இவ்வளவுதான் முடியும், மீதிக்குக் கடன் வாங்க வேண்டும் என்று எண்ணைச் சொல்லிவிடலாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்ச ரூபாய் வரை நம் பங்குப் பணம் கேட்க மாட்டார்கள். 7½ லட்சம் வரை சொத்துப் பிணையும் தேவையில்லை. இதை மூன்று பேருமாக உட்கார்ந்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டால், பிள்ளைக்கே தெரிந்துவிடும் எது கைக்கு எட்டும், எது எட்டாது என்று. மறைத்தால்தான் குற்ற உணர்ச்சி.

மருந்துக் கடையில் 'ஞாபகசக்தி மாத்திரை' கேட்டு வரும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வல்லாரை நல்ல மூலிகைதான். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், நாலு மணி நேரம் தூங்கும் பிள்ளைக்கு எந்த வல்லாரையும் வேலை செய்யாது. விளம்பரத்தைப் பார்த்து டப்பா டப்பாவாக வாங்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கச் செய்யுங்கள், தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தாலும் வேண்டாம். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும் என்று வையுங்கள். இரண்டு இட்லி போதும். வாரத்தில் மூன்று நாளாவது முருங்கைக்கீரையோ வேறு கீரையோ இருக்கட்டும். ராத்திரி டீ, காபி, கூல்டிரிங்ஸ் மாதிரி டின்னில் வரும் 'எனர்ஜி' பானங்கள் வேண்டாம். பசித்தால் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், 'பரீட்சை டென்ஷன், சரியாப் போயிரும்' என்று இருந்துவிடாமல் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, ரத்தச்சோகை, நீர்க்கட்டி எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். எடை சட்டென்று குறைந்தாலும் அப்படியே.

ரிசல்ட் வரும் நாளுக்கு வருவோம். 2022-ல் மட்டும் நம் நாட்டில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. எல்லாமே தேர்வால் இல்லை. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு எனக்கு ரிசல்ட் நாள் சாதாரண நாளாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பெற்றோரில் ஒருவராவது லீவு போடுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மார்க் தெரிந்ததும் உறவுக்காரர்களுக்கு யார் சொல்வது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள். பிளஸ் டூவில் ஏதாவது ஒரு பாடம் போய்விட்டால் அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது, அதே ஆண்டில் கல்லூரியிலும் சேர முடியும். இதை ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். பிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும், தகவலாகக் கேட்காது.

பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால், 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை காதில் விழுந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கூடவே இருங்கள். 'செத்துப்போகலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், மத்திய அரசின் டெலி மனாஸ் 14416 என்ற எண்ணிலும் ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அப்பாவோ அம்மாவோ கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுவார்கள்.